கேட்டு வாங்க முடியாத கொடை

இரத்தக் கொடை இன்று நம் பங்குகளில் புதிய செய்தியன்று. திருவிழாவை ஒட்டியோ இளைஞர் இயக்கத்தின் ஆண்டு விழாவை ஒட்டியோ பள்ளிக்கூட அறையில் நான்கு கட்டில்களைப் போட்டு, அரசு மருத்துவமனையின் வண்டியை வரவழைத்து, ஐம்பது அறுபது பேர் இரத்தம் கொடுத்துவிட்டு ரொட்டியும் பழச்சாறும் பெற்றுக் கலைவதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். கண் கொடையும் அவ்வாறே பழகிவிட்டது. ஆனால் எலும்பு மஜ்ஜையைக் கொடுக்க முன்வருவோர் பெயர் தரலாம் என்று அறிவித்துப் பாருங்கள். அவையில் ஓர் அமைதி நிலவும். முதுகுத்தண்டில் ஊசி போடுவார்களாம், பிறகு நடக்கவே முடியாதாம் என்று யாரேனும் மெல்லச் சொல்வர். அறியாமையால் எழும் இந்த அச்சத்தை நான் குறை கூற மாட்டேன். இரத்தக் கொடையும் ஒரு தலைமுறைக்கு முன் இப்படித்தான் அஞ்சப்பட்டது. ஆயினும் இக்கொடை எவ்வாறு தோன்றியது, முன்பின் அறியாத ஒருவருக்குத் தன் எலும்பின் உட்பொருளைத் தருவது என்னும் வழக்கம் எப்படி உலகில் நிலைபெற்றது என்னும் வரலாறு நம்முள் பலருக்குத் தெரியாது. அதை ஓரளவு சொல்ல விழைகிறேன்.

இடுப்பெலும்பு, மார்பெலும்பு போன்ற எலும்புகளின் உள்ளே, கடற்பஞ்சு போன்ற இடைவெளிகளில் நிறைந்திருக்கும் செந்நிறக் குழம்பே மஜ்ஜை. நல்லி எலும்பை உறிஞ்சிச் சுவைத்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. முதுகுத்தண்டுக்குள் ஓடும் நரம்புவடம் வேறு, மஜ்ஜை வேறு. இரத்தத்தின் சிவப்பணுக்களும், நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களும், குருதியை உறையவைக்கும் தட்டணுக்களும் மஜ்ஜையில்தான் பிறக்கின்றன. அவற்றைப் பிறப்பிக்கும் தாயணுக்களை மருத்துவர்கள் ஸ்டெம் செல் என்பர். தமிழில் குருத்தணு என்கிறோம். இந்த ஊற்று வற்றினாலும், நஞ்சானாலும் உடல் நெடுநாள் தாங்காது. இரத்தப் புற்றுநோயில் நஞ்சாவது இவ்வூற்றே.

1958-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள், அன்றைய யூகோஸ்லாவியாவின் தலைநகரான பெல்கிரேடுக்கு அருகில் வின்சா என்னுமிடத்தில் இருந்த அணு ஆய்வு நிலையத்தில் சிறிய ஆய்வு உலை ஒன்று கட்டுப்பாட்டை மீறியது. காற்றில் ஓசோன் வாயுவின் வாடை வீசிய பிறகே அங்கிருந்தோர் அதை உணர்ந்து உலையை நிறுத்தினர். அதற்குள் ஆறு பேர் கடும் கதிர்வீச்சுக்கு ஆளாகியிருந்தனர். பெரும்பாலும் இருபதுகளில் இருந்த இளைஞர்கள், ஒருவர் பெண். கதிர்வீச்சு முதலில் அழிப்பது மஜ்ஜையைத்தான். பனிப்போர் உறைந்திருந்த அக்காலத்தில், பொதுவுடைமை ஆட்சியில் இருந்த அந்நாடு தன் இளைஞர்களைப் பாரிசு நகரின் கியூரி மருத்துவமனைக்கு அனுப்பியது.

அங்கே அவர்களை ஏற்றுக்கொண்டவர் ஜார்ஜ் மாத்தே என்னும் மருத்துவர். இரத்தம் ஏற்றியும் பிற மருந்துகளைக் கொடுத்தும் பார்த்தார். நோயாளிகளின் நிலை நாளுக்கு நாள் தாழ்ந்தது. எஞ்சியிருந்த வழி ஒன்றுதான்: உடல்நலம் உள்ள ஒருவரின் மஜ்ஜையை எடுத்து இவர்களுக்குச் செலுத்துவது. விலங்குகளில் அது பயன் தந்திருந்தது. ஆனால் உறவற்ற இரு மனிதரிடையே அதுவரை எவரும் செய்து வெற்றி கண்டதில்லை. கொடுப்பவர் மயக்க மருந்துக்கு உட்பட வேண்டும். அவருடைய எலும்பில் பல இடங்களில் துளையிட்டு உறிஞ்ச வேண்டும். பெறுபவர் பிழைப்பார் என்று மருத்துவரே உறுதி சொல்ல முடியாத நிலை.

ஐந்து பிரெஞ்சுக்காரர் முன்வந்தனர். நால்வர் ஆண்கள், ஒருவர் பிள்ளைகளைப் பெற்ற தாய். ஆண்களில் ஒருவர் மாத்தேயின் குழுவிலேயே பணியாற்றிய லெயோன் ஷ்வார்சன்பெர்க் என்னும் இளம் மருத்துவர். முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1988-இல், அந்நாட்டின் நலவாழ்வு அமைச்சராகச் சில நாள்களே இருந்தவர் என்று அரசியல் வரலாற்றில் அவரை நினைவுகூர்வர். மற்றவர்களுக்குப் பெல்கிரேடு எங்கே இருக்கிறது என்பதற்குமேல் அந்நோயாளிகளைப் பற்றி அதிகம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஐவருக்கு மஜ்ஜை செலுத்தப்பட்டது. ஒருவர் இறந்தார், நால்வர் பிழைத்தனர். குறைந்த அளவு கதிர்வீச்சே பட்டிருந்த ஆறாமவரும் பிழைத்தார். பிழைத்த அந்தப் பெண் பின்னாளில் நலமான ஒரு குழந்தைக்குத் தாயானார்.

உண்மையை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கொடுக்கப்பட்ட மஜ்ஜை அவர்கள் உடலில் நிலையாக வேர்கொள்ளவில்லை. சிறிது காலம் தாங்கிப்பிடித்தது. அதற்குள் அவர்களுடைய சொந்த மஜ்ஜையே மீண்டும் துளிர்த்தது. மாற்று மஜ்ஜை இல்லாமலே அவர்கள் பிழைத்திருப்பார்களா என்னும் வினாவை அறிவியலார் பின்னர் பலகாலம் விவாதித்தனர். அந்த ஐவரின் கொடையை அந்த விவாதம் சிறிதும் குறைப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அவர்கள் கொடுத்தபோது பயனை அறிந்து கொடுக்கவில்லை.

அதன்பின் வந்த பத்தாண்டுகள் ஏமாற்றத்தின் காலம். அமெரிக்காவில் டோனல் தாமஸ் என்னும் மருத்துவர் 1957-இலேயே தம் முதல் முயற்சிகளை வெளியிட்டிருந்தார். அந்நோயாளிகள் எவரும் நெடுநாள் வாழவில்லை. உலகெங்கும் நடந்த ஏறக்குறைய 200 மஜ்ஜை மாற்றங்களைத் தொகுத்து 1970-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மிகப் பெரும்பாலோர் இறந்ததையே காட்டியது. பலர் இத்துறையைக் கைவிட்டனர். தாமஸ் கைவிடவில்லை, 1990-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

தோல்வியின் காரணம் மெல்ல மெல்லத்தான் புலப்பட்டது. வின்சா விபத்து நடந்த அதே 1958-இல், அதே பாரிசு நகரில், ழான் டோசே என்னும் அறிஞர் மனிதரின் வெள்ளணுக்களின்மேல் ஆளுக்கு ஆள் வேறுபடும் அடையாளம் ஒன்றைக் கண்டறிந்தார். எச்.எல்.ஏ. என்று இன்று அழைக்கப்படும் அடையாளத் தொகுதியின் முதல் சுவடு அது. 1980-இல் அவரும் நோபல் பரிசு பெற்றார். இரத்தத்தில் நான்கு பெரும் பிரிவுகள் என்றால், இதில் எண்ணற்ற வகைகள். பாதி தந்தையிடமிருந்தும் பாதி தாயிடமிருந்தும் வருவதால், உடன்பிறந்த ஒருவரோடு முழுமையாக ஒத்துப்போக நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. பொருந்தாத மஜ்ஜையைச் செலுத்தினால், புதிதாய் வந்த வெள்ளணுக்கள் நோயாளியின் உடலையே அந்நியமெனக் கருதித் தாக்கும். விருந்தாளி வீட்டுக்காரரை வெளியேற்றும் கதைதான்.

1968-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் இராபர்ட் குட் என்பவரின் குழு, நோய் எதிர்ப்பு ஆற்றலின்றிப் பிறந்த ஒரு குழந்தைக்கு, பொருத்தமான உடன்பிறப்பின் மஜ்ஜையைச் செலுத்தி வெற்றி கண்டது. அப்படியானால் பொருத்தமான உடன்பிறப்பு இல்லாதவர் என்ன செய்வது? ஏழெட்டுப் பிள்ளைகள் பிறந்த குடும்பங்களில் ஒருவராவது பொருந்தக்கூடும். என் பங்கின் ஞானத்தானப் பதிவேட்டில் அறுபதுகளின் பக்கங்களையும் அண்மைப் பக்கங்களையும் ஒப்பிட்டால், ஒரே குடும்பப் பெயரின்கீழ் வரும் பிள்ளைகளின் எண்ணிக்கை எப்படிச் சுருங்கிவிட்டது என்பது கண்கூடு. உடன்பிறந்தாரை நம்பி இருக்கக்கூடிய காலம் மலையேறிவிட்டது.

1973-இல் நியூயார்க் நகரில், எதிர்ப்பு ஆற்றல் இன்றிப் பிறந்த மற்றொரு குழந்தைக்குக் கொடையாளர் டென்மார்க்கில் கிடைத்தார். கோபன்ஹேகன் மருத்துவமனை ஒன்றின் இரத்த வங்கியில் தேடிக் கண்டுபிடிக்கப்பட்டவர் அவர். குழந்தைக்கும் அவருக்கும் எந்த உறவும் இல்லை. ஒரு முறை செலுத்திய மஜ்ஜை பிடிக்கவில்லை, மீண்டும் செலுத்தினர், ஏழாம் முறைக்குப் பின்னரே அது நிலைத்தது. ஒரு முறை கொடுப்பதற்கே நாம் தயங்குகிறோம். கடலுக்கு அப்பால் இருந்த ஒரு குழந்தைக்காக அழைக்கப்பட்ட போதெல்லாம் அவர் வந்தார்.

அதே 1973-இல் இலண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் குழந்தைகள் மருத்துவமனையிலும் உறவற்றவரின் மஜ்ஜை ஒரு சிறுவனைக் காத்தது. அச்செய்தியைக் கேள்வியுற்ற ஷெர்லி நோலன் என்னும் தாய் ஆஸ்திரேலியாவிலிருந்து தம் மகன் அந்தோணியோடு இலண்டன் வந்தார். 1971-இல் பிறந்த அச்சிறுவனுக்கு மிக அரிய ஓர் இரத்த நோய். மஜ்ஜை மாற்றம் ஒன்றே வழி. பொருத்தமானவர் குடும்பத்தில் இல்லை. அத்தாய் பொதுமக்களை நோக்கி வேண்டினார். நோயாளி ஒருவருக்காக மட்டும் தேடாமல், கொடுக்க மனமுள்ளவர்களின் வெள்ளணு வகையை முன்கூட்டியே குறித்து வைக்கும் பதிவேடு ஒன்று 1974-இல் அம்மருத்துவமனையில் தொடங்கியது. மக்கள் திரண்டு வந்து பெயர் கொடுத்தனர். ஆனால் அந்தோணிக்குப் பொருத்தமானவர் அவர்களுள் ஒருவரும் இல்லை. 1979 அக்டோபரில், எட்டு வயது நிறையும் முன்பே அவன் இறந்தான். பதிவேடு நிற்கவில்லை, அவன் பெயரையே தாங்கி இன்றளவும் பிறர் பிள்ளைகளுக்குக் கொடையாளரைத் தேடித் தருகிறது. தன் மகனைக் காக்காத ஒரு பதிவேட்டை அத்தாய் தொடர்ந்து வளர்த்ததை நான் வியப்போடு எண்ணிப் பார்ப்பதுண்டு.

இந்த இடத்தில் வேறொரு நிகழ்ச்சியைச் சொல்லியாக வேண்டும். 1978-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஒரு விந்தையான வழக்கு நடந்தது. மெக்ஃபால் என்பவருக்கு மஜ்ஜை வற்றிப்போகும் நோய். உறவினர்களைச் சோதித்ததில், ஷிம்ப் என்னும் அவருடைய உறவு முறைச் சகோதரர் பொருந்துவார் என்று முதல் சோதனை காட்டியது. அடுத்த சோதனைக்கு அவர் வரவில்லை; கொடுக்க மாட்டேன் என்று கூறிவிட்டார். உயிர் போகும் நிலையில் இருந்தவர் நீதிமன்றத்தை நாடினார்: என் உறவினர் எனக்கு மஜ்ஜை தரும்படி ஆணையிடுங்கள் என்றார்.

நீதிபதி மறுத்தார். மறுத்த உறவினரின் செயல் அறத்தின் முன் நிற்காது என்று வெளிப்படையாகவே கண்டித்தார். ஆயினும் ஒருவரின் உடலுக்குள் ஊசியைச் செலுத்தி மற்றொருவருக்காக அதன் பொருளை எடுக்கும் அதிகாரம் சட்டத்துக்குக் கிடையாது என்று தீர்ப்பளித்தார். அப்படிச் செய்தால் நாசிகளின் சின்னமும் சமயத் தண்டனை மன்றங்களும் நினைவுக்கு வரும் என்றும் எழுதினார். நம் திருச்சபையின் வரலாற்றிலிருந்து அந்த இரண்டாம் உவமை எடுக்கப்பட்டிருப்பதைப் படிக்கும்போது முள் தைக்கிறது, தைக்கத்தான் வேண்டும். தீர்ப்பு வந்து சில வாரங்களில் மெக்ஃபால் இறந்தார்.

அந்நீதிபதி நடந்த பாதையில் நம் இறையியலாரும் அதற்கு முன்பே நடந்திருக்கின்றனர் என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்றோர் அறிந்த கோட்பாடு ஒன்று உண்டு; முழுமைக் கோட்பாடு என்பர். முழு உடலின் நலத்துக்காக அதன் ஓர் உறுப்பை நீக்கலாம். அதற்கப்பால் தன் உறுப்புகளைத் தன் விருப்பம்போல் அழிக்கும் உரிமை மனிதனுக்கு இல்லை என்பது அதன் சாரம். பதினோராம் பத்திநாதர் 1930-இல் திருமணம் பற்றி எழுதிய காஸ்தி கொன்னூபி திருமடலில் இது உறுதியாகக் கூறப்பட்டது. அப்படியானால் நலமாக இருக்கும் ஒருவர் தம் உடலின் ஒரு பகுதியைப் பிறருக்குத் தருவது தகுமா? சிறுநீரக மாற்றத்தை மனத்தில் கொண்டே அவர்கள் இவ்வினாவை எழுப்பினர். மஜ்ஜை மீண்டும் ஊறி நிறைவது. ஆகவே சிக்கல் அத்துணைக் கடுமையன்று. எனினும் வேர் ஒன்றே.

1944-இல் கன்னிங்ஹாம் என்னும் அமெரிக்கக் குரு தம் முனைவர் பட்ட ஆய்வில், மானிட இனம் முழுவதும் ஒன்றோடொன்று இணைந்தது. ஆகவே ஒருவர் உறுப்பை மற்றவர் நலத்துக்குத் தரலாம் என்று வாதிட்டார். கேட்பதற்கு இனிய வாதம். ஆனால் பன்னிரண்டாம் பத்திநாதர் 1956 மே 14-ஆம் நாள் ஆற்றிய உரையில், மானிட இனத்துக்கும் தனி மனிதருக்கும் உள்ள உறவை உடலுக்கும் உறுப்புக்கும் உள்ள உறவாகக் கொள்ள முடியாது என்று தெளிவுபடுத்தினார். கையானது உடலுக்காகவே உள்ளது. தனி மனிதர் சமுதாயத்துக்காக மட்டும் உள்ளவர் அல்லர். மருத்துவர்களே கைதிகளின் உடலைச் சோதனைப் பொருளாக்கிய போர்க்காலத்தைக் கண்ட திருத்தந்தை அவர். சமுதாயத்தின் நன்மைக்காக உன் உடலைத் தா என்று ஒரு ஆட்சி கேட்கத் தொடங்கினால் அது எங்கே போய் முடியும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

வழி வேறு திசையில் கிடைத்தது. இயேசு சபையைச் சேர்ந்த ஜெரால்டு கெல்லி அதே 1956-இல், இக்கொடைக்கு அடிப்படை பிறரன்பே என்று எழுதினார். பிறர் என் உடல்மேல் உரிமை கொண்டாட முடியாது. ஆனால் நானே மனமுவந்து அளவோடு கொடுக்கலாம். பின்னாளில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1991-இல் உறுப்பு மாற்ற அறிஞர்களிடம் பேசியபோதும், 1995-இல் வெளியிட்ட வாழ்வின் நற்செய்தித் திருமடலிலும் இக்கொடையைப் போற்றினார். நீதிபதியும் இறையியலாரும் வெவ்வேறு வழியில் வந்து ஓரிடத்தில் நிற்கின்றனர்: மஜ்ஜையைக் கேட்டு வாங்க எவருக்கும் உரிமை இல்லை. அது கொடுக்கப்பட்டால்தான் உண்டு.

மெக்ஃபால் இறந்த அடுத்த ஆண்டு, 1979-இல், அமெரிக்காவின் சியாட்டில் நகரில் இரத்தப் புற்றுநோயுற்ற பத்து வயதுச் சிறுமி ஒருத்திக்கு உறவற்றவரின் மஜ்ஜை முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. கொடுத்தவர் அம்மருத்துவ நிலையத்திலேயே பணியாற்றியவர். பொருத்தம் தற்செயலாகக் கண்டறியப்பட்டது. மஜ்ஜை பிடித்தது, ஆனால் ஈராண்டுக்குள் நோய் திரும்பி அவள் இறந்தாள். கால்நடை மருத்துவரான அவள் தந்தை, இனித் தற்செயலை நம்பியிருக்கக் கூடாது என்று பிறரோடு சேர்ந்து போராட, 1986-இல் அந்நாட்டின் தேசியப் பதிவேடு தோன்றியது. இங்கிலாந்தில் ஒரு தாய், அமெரிக்காவில் ஒரு தந்தை! 1988 முதல் பல நாட்டுப் பதிவேடுகளும் ஒன்றோடொன்று இணையத் தொடங்கின. இன்று அவற்றில் 4 கோடிக்கும் மேற்பட்டோரின் விவரங்கள் உள்ளன.

கொடுக்கும் முறையும் எளிதாகியிருக்கிறது. பெயர் கொடுப்பவரின் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்துக்கொள்வர், அவ்வளவே. பொருத்தம் கண்டு அழைப்பு வந்தால் மறுபடி இரத்தச் சோதனையும் உடல் சோதனையும் நடக்கும். பெரும்பாலும் இப்போது எலும்பைத் துளைப்பதில்லை. ஐந்து நாள்கள் ஊசி போட்டுக் குருத்தணுக்களை இரத்தத்தில் பெருகச் செய்து, ஒரு கையிலிருந்து இரத்தத்தை எடுத்து, இயந்திரத்தில் அவற்றைப் பிரித்துக்கொண்டு, எஞ்சிய இரத்தத்தை மறு கையில் செலுத்துவர். சில மணி நேரப் பணி. ஊசி போடும் நாள்களில் எலும்பு வலியும் தலைவலியும் இருக்கும். சிலருக்கு இன்றும் மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்தே எடுக்கின்றனர். சில நாள்கள் வலிக்கும். சில வாரங்களில் மஜ்ஜை மீண்டும் நிறைந்துவிடும். வலியே இல்லை என்று சொல்லி ஆள் சேர்ப்பது முறையன்று.

வலியைவிடப் பெரிய செய்தி ஒன்று இதில் உண்டு. புதிய மஜ்ஜையைச் செலுத்துவதற்குச் சில நாள்கள் முன்பே, கடும் மருந்தாலும் கதிர்வீச்சாலும் நோயாளியின் சொந்த மஜ்ஜையை அழித்துவிடுவர். அந்த நாள்களில் அவருக்கு என்று ஊற்றே இல்லை. கொடையாளரோ கடைசி நொடிவரை விலகிக்கொள்ளும் உரிமை உடையவர். எவரும் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் அந்நாள்களில் அவர் விலகினால் நோயாளி ஏறக்குறைய உறுதியாக இறப்பார். நம் நாட்டில், கல்லூரி முகாமில் உற்சாகமாகப் பெயர் கொடுத்த இளைஞர், அழைப்பு வந்ததும் பெற்றோர் தடுக்க விலகிக்கொள்வதும், மணமான பெண்ணைப் புகுந்த வீட்டார் தடுப்பதும் நிகழ்வதுண்டு. ஆகவே குடும்பத்தாரிடம் பேசாமல் பெயர் மட்டும் கொடுப்பதைவிட, பேசிவிட்டுக் கொடுக்காமல் இருப்பது நேர்மை என்பேன். முகாம் நடத்தும் நண்பர்கள் என்னை மன்னிப்பார்களாக.

இந்தியாவில் 1983-இல் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையிலும், 1986-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் மஜ்ஜை மாற்றங்கள் தொடங்கின, கொடையாளர் உடன்பிறந்தோரே. நம்மிடையே மாமன் மகள், அத்தை மகன் மணம் மிகுதியாதலால், பெற்றோரோ அடுத்த வட்ட உறவினரோ பொருந்துவதும் உண்டு. அத்தகைய மணத்துக்கு இரத்த உறவுத் தடைநீக்கம் கேட்டு ஆயருக்கு விண்ணப்பம் எழுதும் பங்குத்தந்தையர், அதே மணமுறை தாலசீமியா போன்ற பிறவி இரத்த நோய்கள் வெளிப்படும் வாய்ப்பையும் கூட்டுகிறது என்பதை மணமக்களுக்குச் சொல்வது நலம். பாதி மட்டுமே பொருந்தும் தாய், தந்தை, பிள்ளைகளிடமிருந்து மஜ்ஜை பெறும் முறைகளும் இன்று வளர்ந்துள்ளன. இருந்தும் முழுப் பொருத்தமுள்ள வெளியாரின் தேவை நீங்கவில்லை. சென்னையில் 2009-இல் தாத்ரி என்னும் பதிவேடு தொடங்கப்பட்டது. வேறு சிலவும் உள்ளன. 8 கோடி மக்களுள்ள ஜெர்மனியில் ஏறக்குறைய 1 கோடிப் பேர் பதிந்திருக்க, 140 கோடியைத் தாண்டிய நம் நாட்டில் பதிந்தோர் சில இலட்சங்களே.

ஜெர்மனியின் கோடிப் பேர் நமக்கு உதவ மாட்டார்களா என்று கேட்கலாம். எப்போதாவது உதவுவர். ஆனால் இந்த அடையாளங்கள் மரபுவழி வருபவை. தலைமுறை தலைமுறையாக ஒரே வட்டத்துக்குள் மணந்துவந்த மக்களிடையே சில வகைகள் சேர்ந்து தங்கிவிடுகின்றன. ஆகவே திருநெல்வேலியில் நோயுற்ற ஒரு குழந்தைக்குப் பொருத்தமானவர் அதன் இனத்தாரிடையே கிடைக்கும் வாய்ப்பே அதிகம். கோயிலில் இருக்கையையும், ஊரில் தேர் ஓடும் தெருவையும், இறந்தபின் கல்லறைத் தோட்டத்தையும் சாதிவாரியாகப் பிரித்து வைத்திருந்த ஊர்களை நாம் அறிவோம். பிரிந்து வாழ்ந்த அந்தத் தடம் வெள்ளணுக்களின்மேலும் பதிந்திருக்கிறது. எண்ணிக்கையில் சிறிய ஒரு குழுவில் பிறந்த நோயாளிக்கு, அக்குழுவில் எவரும் பெயர் கொடுக்காவிட்டால், கோடிக்கணக்கான பெயர்கள் இருந்தும் பயனில்லாமல் போகலாம். பதிவேட்டுக்கு எல்லாத் தெருக்களிலிருந்தும் பெயர்கள் வேண்டும். யாருக்குப் போகிறது என்பதைக் கொடுப்பவர் தெரிந்துகொள்ள முடியாது. இன்ன சாதியாருக்கு மட்டும் என்று குறித்துக் கொடுக்கவும் இடமில்லை. கொடை முடிந்து குறிப்பிட்ட காலம்வரை, பல இடங்களில் ஓராண்டுவரை, இருவர் பெயரும் மறைக்கப்படும். அதற்குள் கடிதம் எழுத விரும்பினால் பதிவேட்டு அலுவலகத்தின் வழியாகவே எழுதலாம். பெயர், ஊர் முதலிய அடையாளங்கள் அதில் இருந்தால் அலுவலகத்தார் அவற்றை நீக்கிவிட்டே மறுபுறம் அனுப்புவர்.

பதினெட்டு வயது நிறைந்த, நல்ல உடல்நலம் உடைய எவரும் பெயர் கொடுக்கலாம். இளையோரின் மஜ்ஜையையே மருத்துவர்கள் பெரிதும் விரும்புகின்றனர். பெயர் கொடுத்தவர்களுள் பெரும்பாலோருக்கு அழைப்பு வருவதேயில்லை. சிலருக்குப் பத்தாண்டு கழித்து வரும். அதற்குள் வீடும் தொலைபேசி எண்ணும் மாறியிருந்தால், மாறியதைப் பதிவேட்டுக்குத் தெரிவித்திருக்க வேண்டும். அறுபது வயதை ஒட்டிப் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது.